கையொப்பம் கேட்ட பஸ் காசு

‘தேவை குறைவாகக் காணப்பட்டது.’ இந்த மூன்று சொற்களையும் எழுதியது நான்தான். 2022ஆம் ஆண்டு முடியும் தறுவாயில், இலங்கை மலையகத்து ஹட்டன் நகரில் வாடகைக்கு எடுத்திருந்த சின்ன அலுவலக அறையில், மின்வெட்டு தொடங்குவதற்குள் முடித்துவிட வேண்டும் என்ற அவசரத்தோடு எங்கள் எச்.ஐ.வி. திட்டத்தின் ஆண்டறிக்கையில் ஒரு கட்டத்துக்குள் அதைத் தட்டச்சு செய்தேன். எச்.ஐ.வி.யுடன் வாழ்கிறவர்கள் கிளினிக்குக்குப் போய்வர ஒதுக்கியிருந்த பயணக் காசில் பெரும்பகுதி செலவாகாமல் கிடந்தது. ஏன் செலவாகவில்லை என்று கொடை தந்தவர்கள் ஒரு வரியில் காரணம் கேட்டிருந்தார்கள். ஒரு வரியில் சொன்னேன். அடுத்த ஆண்டின் வரவுசெலவில் அந்தத் தலைப்பே இல்லை. விழிப்புணர்வுக் கூட்டங்களின் மண்டப வாடகையும் மதியச் சாப்பாடும் பதாகைச் செலவும் ஒரு ரூபா குறையாமல் அப்படியே இருந்தன.

அந்த வேலையை விட்டு வெகு நாளாகிறது. 2025 ஜனவரியில் அமெரிக்கா தன் வெளிநாட்டு உதவிகளை ஒரே உத்தரவில் நிறுத்திவைத்தபோது, ஆபிரிக்காவில் கிளினிக்குகள் பூட்டப்பட்ட செய்திகளைப் படித்தேன். பழைய நண்பர்கள் தொலைபேசியில் அழைத்தபோதெல்லாம் பேச்சு அங்கேயே போய் நின்றது. காசு நின்றுவிட்டால் மனிதர்கள் என்ன ஆவார்கள் என்று எல்லோரும் கேட்டார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் எனக்கு அந்தப் பேச்சின் நடுவே ஒவ்வொரு முறையும் வேறொரு காட்சி வந்து நின்றது: காசு இருந்த காலத்தில், அந்தக் காசு ஒரு பெண்ணின் கைக்கு வந்து, திரும்பி என் கைக்கே வந்த காட்சி. அதை எழுதிவிட்டால்தான் மற்றதைப் பற்றி நேராக யோசிக்க முடியும் என்று தோன்றுகிறது.

மருந்தும் வழியும்

மஸ்கெலியாவுக்கு மேலே ஒரு தோட்டம். அங்கே கொழுந்து பறிக்கிற ஓர் அக்கா. அவருக்கு அந்தக் கிருமி எப்படி வந்தது என்று இந்த இடத்தில் கேட்பவர்கள் உண்டு. அதை நான் எழுதப்போவதில்லை. அவருக்கு வேண்டிய மருந்து 2004இலிருந்து இந்த நாட்டில் இலவசம். இப்போது நாளுக்கு ஒரு மாத்திரைதான். தவறாமல் எடுத்தால் இரத்தத்தில் கிருமி பரிசோதனைக்கே தட்டுப்படாத அளவுக்குக் குறைந்துவிடும். அந்த நிலையில் இருப்பவரிடமிருந்து உடலுறவின் மூலம் துணைக்குத் தொற்றாது. மற்றவர்களைப் போல வயதாகி, பேரப்பிள்ளைகளைப் பார்க்கலாம். தாயிடமிருந்து பிள்ளைக்கு எச்.ஐ.வி.யும் சிபிலிசும் தொற்றுவதை இலங்கை ஒழித்துவிட்டது என்று உலக சுகாதார நிறுவனம் 2019 டிசம்பரில் சான்றளித்தது. குடும்பநல உத்தியோகத்தர்கள், தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயங்களில் லயம் லயமாக ஏறி இறங்கிக் கர்ப்பிணிகளைப் பதிவு செய்ததற்கும் அந்தச் சான்றிதழில் பங்குண்டு. அதைப் பற்றி எனக்கு இன்றும் பெருமைதான்.

மாத்திரை நகரத்தில் இருக்கிறது. அக்கா மலை உச்சியில் இருக்கிறார். கிளினிக் நாளன்று மூன்றரை மணிக்கு எழுந்து ரொட்டி சுட்டு வைத்துவிட்டு, டோர்ச் வெளிச்சத்தில் குறுக்குப் பாதையால் இறங்கி முதல் பஸ்ஸைப் பிடிப்பார். ஹட்டனில் இறங்கிக் கண்டி பஸ். கினிகத்தேனை, நாவலப்பிட்டி, கம்பளை என்று அது சுற்றிப் போய்ச் சேரும்போது வெயில் ஏறியிருக்கும். நுவரெலியா சற்றுக் கிட்டத்தானே என்று முதல் நாளே கேட்டேன். கணவரின் தம்பி அந்த நகரத்தில்தான் கடையில் வேலை செய்கிறார், ஆஸ்பத்திரி வாசலில் கண்டுவிட்டால் எதற்கு வந்தீர்கள் என்று கேட்பார் என்றார். பயத்தால் வழி நீண்டது. வழி நீண்டதால் காசும் கூடியது. இந்தக் கூடுதல் தூரம் எந்தத் திட்டத்தின் கணக்கிலும் வந்து நான் பார்த்ததில்லை. கிட்டத்திலுள்ள கிளினிக்குக்கான கட்டணத்தைத்தான் எல்லோரும் போடுவார்கள்.

பஸ் காசோடு முடிவதில்லை. 2021 மார்ச்சில் நாள் சம்பளம் ஆயிரம் ரூபாவானது. நிர்ணயித்த கிலோ பறித்தால்தான் முழுப்பேர், அதாவது முழு நாள் கூலி. கிளினிக்குக்குப் போனால் அந்தப் பேரே இல்லை. ஞாயிற்றுக்கிழமை கைக்காசுக்குப் பறித்து அதை ஈடுகட்டப் பார்ப்பார். 2022 தொடக்கத்தில் 17 ரூபாவாக இருந்த குறைந்தபட்ச பஸ் கட்டணம் ஜூலையில் 40 ரூபாவாகியது. டீசல் இல்லாமல் பஸ்ஸே வராத நாட்களும் இருந்தன. அந்த ஆண்டின் நடுவில் அக்காவின் ஒரு கிளினிக் நாள், போக்குவரத்து, சாப்பாடு, போன பேர் எல்லாம் சேர்த்து இரண்டாயிரம் ரூபாவைத் தாண்டியது. இலவச மருந்தை வாங்கிவர இரண்டு நாள் சம்பளம்.

அந்த மாத்திரைப் போத்தலைப் பற்றியும் சொல்ல வேண்டும். வெள்ளை நிறம். உள்ளே முப்பது மாத்திரைகள், ஈரம் உறிஞ்சும் ஒரு சின்னப் பொட்டலம். நடக்கும்போது கலகலவென்று சத்தம் போடும். லயத்துச் சுவர் பக்கத்து வீட்டுக்கும் சொந்தம். இந்தப் பக்கம் தும்மினால் அந்தப் பக்கம் கேட்கும். அக்கா ஒவ்வொரு போத்தலிலும் பஞ்சைத் திணித்து, மேலே ஒட்டியிருந்த தாளை வெந்நீரில் ஊறவைத்து உரித்து, மாரியம்மன் படத்துக்குப் பின்னால் வைத்திருந்தார். நெஞ்செரிச்சல் மாத்திரை என்று வீட்டில் சொல்லியிருந்தார். ஒரு நாள் அந்தப் போத்தலை என் கையில் தந்து, ஆட்டிப் பார்க்கச் சொன்னார். ஆட்டினேன். சத்தமே இல்லை. தான் செய்த ஒரு நல்ல வேலையைக் காட்டுகிற முகம் அவருக்கு.

துணைக்குப் போகிறவர்

எங்கள் வீடுகளில் ஆஸ்பத்திரிக்கு யாரையும் தனியாக அனுப்புவதில்லை. துணைக்கு ஆள் போக வேண்டும். நம்பர் எடுக்க, துண்டைப் பிடித்துக்கொண்டு வரிசையில் நிற்க, சிங்களத்தில் கேட்டதைத் திருப்பிச் சொல்ல, வரும் வழியில் ஒரு தேத்தண்ணீர் வாங்கிக் கொடுக்க. காய்ச்சலுக்கே துணை போகிற ஊரில், இந்த நோய்க்கு மட்டும் துணைக்கு வா என்று யாரையும் கூப்பிட முடியாது. கூப்பிட்டால் சொல்ல வேண்டும்.

எங்கள் திட்டத்தில் அந்த இடத்தை நிரப்பியவர் ஐம்பது வயது தாண்டிய ஒரு பெண். எல்லோருக்கும் அவர் பெரியம்மா. அவரும் பல ஆண்டுகளாக அதே மாத்திரையை விழுங்குகிறவர். கிளினிக் நாளன்று ஹட்டன் பஸ் நிலையத்தில் மரக்கறிக் கூடையோடு நிற்பார். பார்ப்பவர்களுக்குச் சந்தைக்குப் போகிற பெண். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார மாட்டார். கண்டியில் இறங்கியதும் பத்தடி முன்னால் நடப்பார். பின்னால் வருகிறவர் அந்தக் கூடையைப் பார்த்துக்கொண்டே வந்தால் போதும், வழி கேட்டு யாரிடமும் வாயைத் திறக்க வேண்டியதில்லை. முதல் முறை போகிறவர்களுக்கு வாசலில் கால் நடுங்கும். அப்போது மட்டும் திரும்பி வந்து கையைப் பிடிப்பார். மருத்துவர்களும் தாதியரும் அங்கே அன்பாகவே நடத்தினார்கள். ஆனால் அந்த அன்பு கதவுக்கு உள்ளே இருந்தது. வீட்டிலிருந்து கதவு வரைக்கும் பெரியம்மாதான்.

அவருக்கு நாங்கள் கொடுத்தது ‘தொண்டர் படி’. சம்பளம் என்று எழுதினால் சேமலாப நிதி கட்ட வேண்டிவரும் என்பதால் அந்தப் பெயர். என் தொலைபேசிக் கட்டணத்துக்குக் கொடுத்ததைவிடக் கொஞ்சம்தான் கூட.

பேனையைக் கீழே வைத்த நாள்

பயணக் காசைக் கொடுக்க ஒரு படிவம் வந்தது. மேலே திட்டத்தின் பெயர், பக்கத்தில் எச்.ஐ.வி.யைக் குறிக்கும் சிவப்பு ரிப்பன் சின்னம். கீழே கட்டங்கள்: முழுப்பெயர், அடையாள அட்டை இலக்கம், முகவரி, தொகை, கையொப்பம். அதோடு பஸ் டிக்கெட்டையும் ஒட்ட வேண்டும். எங்கள் பக்கத்துத் தனியார் பஸ்களில் டிக்கெட் தருவது அபூர்வம் என்று நான் சொன்னேன். அப்படியானால் கையொப்பம் கட்டாயம் என்றார்கள்.

கண்டி பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு தேநீர்க்கடையின் பின்மேசை. அக்காவிடம் காசைக் கொடுத்தேன். எண்ணி, சுருட்டி, கையில் வைத்துக்கொண்டார். படிவத்தைத் திருப்பி அவர் பக்கம் தள்ளிப் பேனையைக் கொடுத்தேன். அவர் எட்டாம் வகுப்பு வரை படித்தவர். தலைப்பிலிருந்து ஒவ்வொரு சொல்லாக விரல் வைத்து வாசித்தார். அவருக்கு முன்பே வேறு இரண்டு பேர் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். அந்தப் பெயர்களையும் வாசித்தார். அவருடைய விரல் இரண்டாவது பெயரில் நின்றதைப் பார்த்தேன். பேனையை மூடி மேசையில் வைத்தார். சுருட்டிய காசை என் உள்ளங்கையில் வைத்து, என் விரல்களை அவரே மடக்கினார்.

“எனக்குக் காசு வேண்டாம், மிஸ். நான் இந்தப் பெயர்களைப் பார்த்தது போல நாளைக்கு என் பெயரை யாராவது பார்ப்பார்கள்.”

அலுவலகத்தில் சொன்னேன். கணக்கைப் பார்த்தவர் கெட்டவர் இல்லை, அதை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். பொய்ப் பெயர்களைப் போட்டுப் பயணக் காசை விழுங்கிய திட்டங்களை அவர் தன் வேலைக்காலத்தில் கண்டிருக்கிறார். ஏழைகளின் பெயரால் வந்த காசு ஏழைகளுக்கே போனது என்பதைக் காட்டக் கையொப்பத்தைவிட வேறு என்ன இருக்கிறது என்று கேட்டார். அப்போது என்னிடம் பதில் இல்லை. இப்போது இருக்கிறது: கிளினிக்கில் அந்த அக்காவை ஓர் இலக்கத்தால் அறிவார்கள். அந்த இலக்கத்தையும் தேதியையும் தொகையையும் எழுதி, வந்தவர் வந்தார் என்று கிளினிக் தாதி ஒரு முத்திரை வைத்தால் போதும். கணக்காய்வாளர் எண்ணிக்கையைச் சரிபார்க்கலாம். பெயர் அந்தக் கட்டிடத்தைவிட்டு வெளியே வராது. இதற்கு ஒரு சதம் கூடுதலாகச் செலவில்லை. ஒரு மாலை நேரம் உட்கார்ந்து யோசித்திருந்தால் போதும். நாங்கள் யோசிக்கவில்லை. மற்றவர்களும் ஒவ்வொருவராகக் காசை மறுத்தார்கள், காசு மிஞ்சியது, ‘தேவை குறைவாகக் காணப்பட்டது’ என்று நான் எழுதினேன்.

டொக்டர் கமலிகா அபேரத்னவை இந்த இடத்தில் நினைக்காமல் இருக்க முடியவில்லை. குழந்தை மருத்துவர். 1995இல் விபத்தில் சிக்கியபோது ஏற்றிய இரத்தத்தால் அவருக்கு எச்.ஐ.வி. தொற்றியது. தன் பெயரையும் முகத்தையும் மறைக்காமல் இந்த நாட்டின் முன் நின்று பேசினார், 2004இல் இறந்தார். அவருடைய துணிவைச் சொல்லிச் சொல்லியே எங்கள் கூட்டங்களைத் தொடங்கினோம். ஒரு மருத்துவர் தன் விருப்பத்தால் செய்த அதே காரியத்தை, பஸ் காசுக்காக ஒரு தோட்டத் தொழிலாளியிடம் கட்டாயமாகக் கேட்கிறோம் என்பது எனக்கு உறைக்க அந்தத் தேநீர்க்கடை மேசை தேவைப்பட்டது.

பஸ் காசு இல்லாமல் அக்கா இரண்டு கிளினிக் தவறவிட்டார். பெரியம்மாவின் படியும் அந்த ஆண்டோடு நின்றது. ஹட்டனில் கூடையோடு நிற்க அவருக்கும் பஸ் காசு வேண்டும். மாத்திரையை விட்டால் கிருமி சில வாரங்களிலேயே திரும்பப் பெருகத் தொடங்கும். வெளியே ஒன்றும் தெரியாது. மெல்லமெல்ல உடம்பின் காவல் குறைந்து, மற்ற நோய்கள் உள்ளே வரும்; எங்கள் நெருக்கமான லயங்களில் முதலில் வருவது காசநோய். அக்காவுக்கு அதுதான் வந்தது. 2023இல் ஆஸ்பத்திரிக் கட்டிலில் அவரைப் பார்த்தபோது, இடுப்பில் படங்கு கட்டிக் கட்டித் தழும்பேறிய இடத்தில் எலும்பு தெரிந்தது. “போத்தல் காலியாகிவிட்டது, மிஸ். பஞ்சு மட்டும் இருக்கிறது” என்றார். பல மாத மருந்துக்குப் பிறகு எழுந்து நடந்தார். அவர் பிழைத்தார் என்பதால்தான் இதை எழுத எனக்குக் கை வருகிறது.

ஆறு பேர் இல்லாத பள்ளத்தாக்கு

அதற்குப் பிறகு நிறையப் படித்தேன். மொசாம்பிக்கின் தெத்தே மாகாணத்தில் 2008இல் எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பு தொடங்கிய ஒரு முறை என்னை மிகவும் கவர்ந்தது. பக்கத்துப் பக்கத்தில் வாழும் ஆறு பேர் வரை ஒரு குழு. மாதத்துக்கு ஒருவர் முறைவைத்துக் கிளினிக்குக்குப் போய், தன்னையும் காட்டிக்கொண்டு, எல்லோருடைய மருந்தையும் வாங்கிவருவார். ஆறு மாதத்துக்கு ஒரு முறை போனால் போதும். நம் லயங்களில் பெண்கள் சீட்டுப் பிடிக்கிற அதே ஒழுங்கு. எழுத்து இல்லை, நம்பிக்கைதான் பிணை. இதை இங்கே செய்யலாமே என்று பெரியம்மாவிடம் ஓடினேன். அவர் பொறுமையாகக் கேட்டார். “ஆறு பேருக்கு எங்கே போவது, மகள்? இங்கே ஒருவரை ஒருவர் கண்டால் மற்றப் பக்கம் திரும்பிக்கொள்வோம்” என்றார்.

அவர் சொன்னதில்தான் எங்கள் சிக்கலின் வேர் இருக்கிறது. இலங்கையில் பெரியவர்களில் ஆயிரத்துக்கு ஒருவருக்கும் குறைவானவர்களிடமே எச்.ஐ.வி. இருக்கிறது. நாட்டுக்கு அது நல்ல செய்தி. அந்த ஆயிரத்தில் ஒருவருக்கு அதன் பொருள், தன்னைப் போல இன்னொருவரைத் தன் மலையில் காண முடியாது என்பது. ‘சமூகம் சார்ந்த திட்டம்’ என்று விண்ணப்பத்தில் எழுதும்போது ஒரு கிராமம் வட்டமாக உட்கார்ந்திருக்கும் படம் மனதில் வருகிறது. மலையகத்தில் அந்தச் சமூகம் என்பது ஒரு கூடை, ஒரு தொலைபேசி, நான்கைந்து மலைகளுக்கு நடுவே ஓடுகிற ஒரு பெரியம்மா. தலைக்கு எவ்வளவு செலவு என்று வகுத்துப் பார்க்கிற எந்தக் கணக்கிலும் நாங்கள் தோற்போம். ஒரு மண்டபத்தில் இருநூறு பேரை உட்கார வைத்தால் தலைக்குச் சில நூறு ரூபாதான். அதனால்தான் மண்டபம் ஒவ்வொரு முறையும் பிழைக்கிறது. அந்த இருநூறு பேரில் மாத்திரை தேவைப்படுகிறவர் ஒருவர்கூட இல்லாமல் இருக்கலாம், அல்லது ஒருவர் இருந்து, சின்னம் போட்ட பதாகைக்குக் கீழே வியர்த்துக்கொண்டிருக்கலாம்.

2021இல் ஐ.நா. பொதுச்சபையின் அரசியல் பிரகடனம் ஓர் இலக்கு வைத்தது. 2025க்குள் எச்.ஐ.வி. பரிசோதனை, சிகிச்சைச் சேவைகளில் 30 சதவீதத்தைச் சமூகங்களே முன்னின்று நடத்தும் அமைப்புகள் வழங்க வேண்டும் என்பது அதில் ஒரு பகுதி. அந்த எண்ணை ஒரு ஹோட்டல் மண்டபத்துத் திரையில் பார்த்துக் கைதட்டியவர்களில் நானும் ஒருத்தி. பின்வரிசையில் பெரியம்மா உட்கார்ந்திருந்தார். அன்றைக்கு அவருக்குப் பஸ் காசு கொடுத்தோமா என்று எனக்கு நினைவில்லை.

ஹெய்ட்டியின் மலைப்பகுதியான காஞ்ஜில் 1998இல் பார்ட்னர்ஸ் இன் ஹெல்த் அமைப்பு எச்.ஐ.வி. சிகிச்சையைத் தொடங்கியபோது, நோயாளிகளின் வீட்டுக்கே போய் மாத்திரை கொடுக்க ஊர்க்காரர்களையே அமர்த்தியது. கூட வருகிறவர் என்பதே அவர்களின் பதவிப்பெயர். அவர்களுக்குச் சம்பளம் கொடுத்தே ஆக வேண்டும் என்பதில் அந்த அமைப்பை நிறுவியவர்களில் ஒருவரான மருத்துவர் பால் ஃபார்மர் கடைசிவரை விட்டுக்கொடுக்கவில்லை. ஏழைகளிடம் இலவசமாக வேலை வாங்கி இன்னோர் ஏழையைக் குணப்படுத்துவது நியாயமில்லை என்பது எனக்கு இப்போது இவ்வளவு தெளிவாகத் தெரிகிறது. அப்போது ‘தொண்டர்’ என்ற சொல்லை நானே மரியாதையோடு பயன்படுத்தினேன். பெரியம்மாவின் சம்பளம் அரசின் சுகாதார வரவுசெலவில் ஒரு வரியாக இருக்க வேண்டும். மூன்று ஆண்டுக்கு ஒரு முறை முடிந்து தொடங்குகிற கொடைக் காசில் அதை வைத்தால், மூன்று ஆண்டுக்கு ஒரு முறை ஹட்டன் பஸ் நிலையத்தில் யாரோ ஒருவர் கூடையைத் தேடிக்கொண்டு நிற்பார். மாத்திரையை ஆயுள் முழுக்க எடுக்க வேண்டும் என்று மருத்துவர் சொல்கிறார். துணைக்கும் அதே ஆயுள் வேண்டும்.

பழைய அலுவலகத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறேன். அந்த அறிக்கையில் என் வரியை நீக்கி, ‘கையொப்பம் கேட்டதால் மறுக்கப்பட்டது’ என்று திருத்தும்படி கேட்டிருக்கிறேன். பழைய அறிக்கையைத் திருத்தி என்ன பயன் என்று நண்பர் ஒருவர் கேட்டார். புதிய விண்ணப்பம் எழுதுகிறவர்கள் பழைய அறிக்கையைத் திறந்துதான் எழுதுவார்கள். எனக்குத் தெரியும், நானும் அப்படித்தான் எழுதினேன்.

போன கிளினிக்குக்குப் பெரியம்மாவால் வர முடியவில்லை, முழங்கால் வீங்கியிருந்தது. நான் போனேன். ஹட்டனில் அக்காவின் கையில் காசைக் கொடுத்தேன். எண்ணிப் பார்த்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு, “எதிலும் எழுத வேண்டாம்தானே?” என்று கேட்டார். வேண்டாம் என்றேன். பஸ்ஸில் நான்கு வரிசை தள்ளி உட்கார்ந்தோம். கண்டியில் இறங்கியதும் பழக்க தோஷத்தில் அவருக்குப் பக்கத்தில் நடக்கப் போனேன். குடையின் நுனியால் முன்னால் போகும்படி காட்டினார். பத்தடி முன்னால் நடந்தேன். ஆஸ்பத்திரித் திருப்பத்தில் ஒரு தரம் திரும்பிப் பார்த்தேன். குடை மறுபடியும் அசைந்தது. நடந்தேன்.